சுழலும் கவசத்துக்குள்

கலிபோர்னியாவின் தென்கோடியில், ஸான் டியாகோ நகரைச் சேர்ந்த லா ஹோயா கடற்கரையில், 2020-ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், பகல் முழுவதும் செங்கற்பொடியைக் கரைத்துவிட்டாற்போல் பழுப்புச் சிவப்பாகக் கலங்கிக் கிடந்த கடல், இருள் கவிந்ததும் வேறொரு கடலாயிற்று. மடிந்து உடையும் அலைகளின் முகடுகளில் நீலச் சுடர் ஓடிற்று. அலைமேல் பலகை ஏறிச் சறுக்கி வந்தவர்களுக்குப் பின்னே நீலத்தில் ஒரு தடம் நீண்டு மறைந்தது. பகலின் செம்மைக்கும் இரவின் நீலத்துக்கும் காரணமான ஜீவன் ஒன்றேதான். லிங்குலோடினியம் பாலியெட்ரா என்பது அதன் சாஸ்திரப் பெயர். நூறாண்டுக்கு மேலாக அதே கரையில் உள்ள ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தில் விஞ்ஞானிகள் மூன்று தலைமுறையாக ஆராய்ந்து வரும் உயிர் அது. இருபத்தைந்து உயிர்களை வரிசையாக நிறுத்தினால் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். ஒவ்வொன்றும் ஒரே ஓர் உயிரணு.

ஓரணு உயிர் என்று கேட்ட மாத்திரத்தில், ஒரு துளி வழவழப்பும் அதன் நடுவே ஒரு கரும்புள்ளியுமாக ஏதோ ஒன்று நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. பள்ளிப் பருவத்தில் அமீபாவை வரைந்து பழகியதன் விளைவு அது. ஓரணு என்றால் எளிமை, எளிமை என்றால் ஆதிநிலை என்று ஒன்றிலிருந்து ஒன்றாக நாம் செய்துகொள்ளும் அனுமானம், பாமரருக்கு மட்டும் உரியதன்று. அறிஞர்களையும் அது நெடுங்காலம் ஏமாற்றியிருக்கிறது. இந்த அத்தியாயத்தில் நாம் காணப்போகும் உயிரணுவோ, பல தலைமுறைகளாகச் சொத்துச் சேர்த்து, சிலவற்றை இழந்து, சிலவற்றைப் பிறரிடமிருந்து பற்றிக்கொண்டு, பழைய பாத்திரங்களைப் புதிய காரியங்களுக்குப் பயன்படுத்திவரும் ஒரு பெரிய குடும்பத்தின் வீட்டைப் போன்றது. அந்த வீட்டில் எது பிறவிச் சொத்து, எது இடையில் வந்தது என்று பிரித்தறிவதே விஞ்ஞானிகளுக்கு ஒரு நூற்றாண்டு வேலையாக இருந்தது.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் டைனோஃபிளாஜெல்லேட் எனப்படும் இவற்றை நாம் சுழற்கசை உயிர்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். டைனோசார் என்னும் பெயரின் முற்பகுதி ‘பயங்கரம்’ என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல். இங்கே வரும் முற்பகுதியோ ‘சுழற்சி’ என்னும் பொருளுடைய வேறொரு கிரேக்கச் சொல். ஒலி ஒன்றுபோல் இருப்பதால் இரண்டையும் மயங்குவோர் பலர். 1885-இல் ஜெர்மானிய விலங்கியலாளர் ஓட்டோ பூட்ச்லி இப்பெயரை வழங்குவதற்கு முன்பு, இவற்றின் இடுப்பைச் சுற்றிச் சிறுமயிர் வரிசை ஒன்று துடிப்பதாகவே பலரும் எண்ணி, அதற்கேற்ப வேறு பெயர் இட்டிருந்தனர். அது மயிர் வரிசையன்று, இடுப்பைச் சுற்றி அலையலையாக நெளியும் ஒரே இழை என்று 1880-களில் கியார்க் கிளெப்ஸ் கண்டு சொன்ன பிறகுதான் இந்த உயிரின் உருவம் சரியாக விளங்கத் தொடங்கியது.

அந்த உருவத்தைப் பார்ப்போம். உடலின் நடுவே, பன்னெடுங்காலம் அரைஞாண் கட்டித் தழும்பேறிய இடுப்பைப் போல, ஒரு பள்ளம் சுற்றி ஓடுகிறது. அதன் இரு முனைகளும் ஒன்றையொன்று நேராகச் சந்திப்பதில்லை; ஒரு முனை சற்றே கீழிறங்கி நிற்க, அவ்விடத்திலிருந்து மற்றொரு பள்ளம் செங்குத்தாகக் கீழ்நோக்கிச் செல்கிறது. இரண்டு பள்ளங்களும் கூடும் இடத்திலிருந்து இரண்டு கசையிழைகள் புறப்படுகின்றன. ஒன்று அரைஞாணாகவே இடுப்புப் பள்ளத்தில் படிந்து கிடக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் நாடா போன்றிருக்கும் இந்த இழைக்குள், எல்லாக் கசையிழைகளுக்கும் பொதுவான நுண்குழல் கற்றையோடு, வரிகள் கொண்ட வேறொரு நாரும் உடன் ஓடுகிறது. நார் குட்டை, கற்றை நெட்டை. ஆகவே, சுருக்குக் கயிறு இழுத்த துணி ஓரம்போல் கற்றை சுருள் சுருளாக நெளிந்தே கிடக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுருள்கள் வரிசையாக ஓடுவதனால் உயிரணு தன் அச்சில் சுழன்றுகொண்டே முன்னேறுகிறது. நீளவாட்டத்து இழை பின்னே நீண்டு நின்று சுக்கான் பிடிக்கிறது. இவ்வளவு சிறிய உடலுக்கு நீர் என்பது நமக்குத் தேன் எப்படியோ அப்படித் திண்ணியது. துடுப்பை நிறுத்தினால் அக்கணமே உடல் நின்றுவிடும், பழைய வேகத்தில் வழுக்கிச் செல்வது என்பதே இல்லை. அந்த நிலையிலும் சுழற்கசை உயிர்கள் பல மீட்டர் ஆழத்துக்கு இறங்குவதும், விடியலில் மீண்டும் மேலேறுவதுமாகத் தினந்தோறும் யாத்திரை செய்கின்றன.

அடுத்தது கவசம். பாலியெட்ரா என்னும் பெயருக்குப் பல பட்டைகளையுடையது என்பது பொருள். கூர்மையான விளிம்புகளோடு பொருந்திய தகடுகளால் அது மூடப்பட்டிருக்கிறது. தகடுகள் செல்லுலோஸ் என்னும் பொருளால் ஆனவை. பருத்தியும் மரமும் ஆகியிருக்கும் பொருள் அது. ஆனால் தாவரங்களில் செல்லுலோஸ் உயிரணுவுக்கு வெளியே மதிலாக நிற்கிறது. இங்கோ வெளிச்சவ்வுக்கு அடியில் வரிசையாகப் பரவியுள்ள தட்டையான பைகளுக்குள்ளே ஒவ்வொரு தகடும் உருவாகிறது. அதாவது, தோலுக்கு மேலே பூண்ட கவசம் அன்று. தோலுக்கு உள்ளேயே அமைந்த கவசம். கர்ணனுக்கு அது உடன் பிறந்தது என்று பாரதம் சொல்கிறது. அவன் அதைத் தானே அறுத்துக் கொடுத்ததையும் சொல்கிறது. லிங்குலோடினியமும் ஆபத்துக் காலத்தில் தன் கவசம் முழுவதையும் வெளிச்சவ்வோடு கழற்றிப் போட்டுவிட்டு, மெல்லிய உறை ஒன்றுக்குள் உருண்டையாக ஒடுங்கிக்கொள்கிறது; நிலைமை சீரானதும் புதிய தகடுகளை உண்டாக்கிக்கொள்கிறது. மூன்று கொம்புகளோடு நங்கூரம்போல் தோன்றும் செராட்டியம் என்னும் உறவினம், இரண்டாகப் பிரியும்போது கவசத்தையும் சாய்வாக இரண்டாக்கி, ஒரு பிள்ளைக்கு ஒரு பாதி என்று பங்கிட்டுக் கொடுக்கிறது. மீதிப் பாதியைப் பிள்ளைகள் தாமே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

தகடுகள் இடம் மாறுவதில்லை. உச்சியில் எத்தனை, இடுப்புக்கு மேலே எத்தனை, கீழே எத்தனை, அடியில் எத்தனை என்பது இனத்துக்கு இனம் வரையறுக்கப்பட்டது. ஸான் டியாகோ கடலின் சுழற்கசை உயிர்களை ஆயிரக்கணக்கில் பார்த்து வரைந்த சார்ல்ஸ் அட்வுட் கோஃபாய்டு, 20-ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டுகளில் இத்தகடுகளுக்கு எண்ணும் குறியீடும் கொடுத்து ஒரு முறையை ஏற்படுத்தினார். இன்றளவும் சூட்சுமதரிசினியின் முன் அமர்ந்து தகடுகளை எண்ணுபவர்கள் அவர் வகுத்த கணக்கையே பின்பற்றுகிறார்கள்.

உறங்குநிலை உறை ஒன்றைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இரண்டு உயிரணுக்கள் கூடி ஒன்றான பிறகு இவ்வுயிர், அமிலத்திலும் கரையாத திண்ணிய சுவர் ஒன்றைக் கட்டிக்கொண்டு கடலடிச் சேற்றில் படிந்து உறங்குகிறது. சுற்றிலும் நீண்ட முட்கள் நிறைந்த அந்த உறையைப் பாறைகளில் கண்ட புதைபடிவ ஆராய்ச்சியாளர்கள், அது எந்த உயிரின் எந்தப் பருவம் என்றே அறியாமல், 1955-இல் அதற்குத் தனியாக ஒரு பெயர் சூட்டினார்கள். 1960-களில் சேற்றிலிருந்து எடுத்த உறைகளைக் கண்ணாடிப் பாத்திரத்தில் வைத்துப் பொரிக்கச் செய்தபோது, உள்ளிருந்து வெளிப்பட்டது கோஃபாய்டு அறிந்திருந்த அதே லிங்குலோடினியம். கல்லில் ஒரு பெயரும் கடலில் ஒரு பெயருமாக, ஒரே ஜீவன் இரண்டு சாஸ்திரங்களில் இரண்டு வாழ்க்கை வாழ்ந்திருந்தது.

இனி ஒளி. ஸ்கிரிப்ஸ் நிலையத்தில் இவ்வுயிரை வளர்த்துவந்த பியாட்ரிஸ் ஸ்வீனி அம்மையாரும், உயிரொளி ஆராய்ச்சியில் வாழ்நாளைக் கழித்த உட்லண்ட் ஹேஸ்டிங்ஸும் 1950-களில் சேர்ந்து செய்த பரிசோதனைகள் உயிரியலின் சரித்திரத்தில் சிறப்பிடம் பெற்றவை. பாத்திரத்தைக் குலுக்கினால் இந்த உயிர்கள் ஒளிர்கின்றன. ஆனால் இரவில் குலுக்கினால் பேரொளி, பகலில் குலுக்கினால் மங்கல். பாத்திரத்தை மாறாத மங்கிய வெளிச்சத்தில் நாட்கணக்காக வைத்திருந்து, வெளியே இரவா பகலா என்று அறிய வழியே இல்லாமல் செய்தபோதும், ஏறக்குறைய 24 மணி நேரத்துக்கு ஒருமுறை ஒளி பெருகிக் குறையும் அந்த முறை தொடர்ந்தது. நரம்பு இல்லை, மூளை இல்லை. ஆயினும் அந்த ஒற்றை உயிரணுவுக்குள்ளே ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அந்த ஒளி உயிரணு முழுவதிலும் பரவி எழுவதன்று. சுமார் அரை மைக்ரான் அளவுள்ள நுண்ணிய பொட்டலங்களிலிருந்து அது புறப்படுகிறது. ஸிண்டில்லான் என்று பெயர் பெற்ற இவை, உடலின் நடுவே உள்ள பெரிய நீர்க்குமிழிக்குள், காம்பில் தொங்கும் பழம்போலத் துருத்திக்கொண்டிருக்கின்றன. குமிழியில் இருப்பது அமிலநீர்; பொட்டலத்துக்குள் அமிலத்தன்மை இல்லை. பொட்டலத்தில் ஒளிப்பொருளாகிய லூசிபெரினும், அதை எரிக்கவல்ல நொதியும், எரியாதபடி லூசிபெரினைப் பற்றிக் காவல் காக்கும் புரதம் ஒன்றும் சேர்ந்தே இருக்கின்றன. அலை மோதினாலோ, சிறு இறால்போன்ற மிதவைப் பிராணி ஒன்று கடந்து போனாலோ, அந்த அழுத்தம் வெளிச்சவ்வில் பட்டதும், நம் நரம்பில் ஓடுவதைப் போன்ற மின்துடிப்பு ஒன்று குமிழியின் சவ்வு நெடுகப் பாய்கிறது. உடனே அச்சவ்விலுள்ள வாயில்கள் திறந்து அமிலம் பொட்டலத்துக்குள் புகுகிறது, காவற்புரதம் கை விடுகிறது, நொதி விழித்துக்கொள்கிறது, ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் நீல ஒளி வீசி அணைகிறது. மின்துடிப்புக்குத் திறக்கும் இத்தகைய வாயில் இருந்தாக வேண்டும் என்று ஹேஸ்டிங்ஸும் அவருடன் உழைத்த ஒருவரும் 1972-லேயே ஊகித்துச் சொன்னார்கள். சுழற்கசை உயிர் ஒன்றில் அது கண்கூடாக நிரூபிக்கப்பட்டது 2011-இல். லூசிபெரினோ, இலைகளைப் பச்சையாக்கும் குளோரோஃபில்லின் நெருங்கிய உறவுப்பொருள். பகலில் வெயிலை வாங்கும் மூலக்கூற்றின் குடும்பத்திலிருந்தே இரவில் ஒளியை வழங்கும் மூலக்கூறும் வந்திருக்கிறது. விடிந்ததும் இந்தப் பொட்டலங்களில் பெரும்பாலானவற்றை உயிரணு கலைத்துவிட்டு, மாலையில் மீண்டும் புதிதாகக் கட்டுகிறது. தினந்தோறும் விளக்குகளை உடைத்துத் தினந்தோறும் வார்க்கும் இந்தச் செலவைக் கணக்கிட்டுப் பார்க்கும்போது, அந்த ஒளியால் அதற்குக் கிடைக்கும் பாதுகாப்பு மிகப் பெரிதாகவே இருக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்த உயிரணுவின் பெரும் விசித்திரம் அதன் உட்கருவே. மனித உயிரணு ஒன்றில் உள்ள டி.என்.ஏ.யின் எடை ஏறக்குறைய ஆறரைப் பிக்கோகிராம். ஒரு பிக்கோகிராம் என்பது ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்கு. லிங்குலோடினியத்தில் அது சுமார் 200 பிக்கோகிராம். நம் உயிரணுவில் உள்ள இழையை நீட்டினால் இரண்டு மீட்டர் வரும். இதன் இழையை நீட்டினால் அறுபது மீட்டருக்கு மேல் வரும். தாவரமாயினும், விலங்காயினும், காளானாயினும், இவ்வளவு நீண்ட இழையைச் சிக்கின்றி வைத்துக்கொள்ள ஹிஸ்டோன் என்னும் புரதங்களாலான சிறுசிறு கட்டைகளில் நூலைப்போல் சுற்றிவைப்பதே உலக வழக்கம். இழைகள் தடித்துக் குரோமோசோம்களாகக் கண்ணுக்குப் புலப்படுவதும் உயிரணு பிரியும் வேளையில் மட்டுமே. சுழற்கசை உயிரிலோ அந்தக் கட்டைகள் இல்லை. குரோமோசோம்கள் எப்பொழுதும் தடித்தே கிடக்கின்றன.

1950-களிலும் 60-களிலும் மின்னணு நுண்ணோக்கியில் அந்தக் குரோமோசோம்களைக் கண்டவர்களை ஒரு காட்சி திகைக்க வைத்தது. வெட்டுமுகத்தில் வில் வில்லாக வளைந்த இழைகள் அடுக்கடுக்காகத் தோன்றின. டி.என்.ஏ. இப்படி வளைந்து கிடப்பானேன்? ஈவ் பூலிகான் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1968-இல் கொடுத்த விடை எனக்கு என்றும் வியப்பூட்டுவது. இழைகள் வளையவே இல்லை. ஒவ்வோர் அடுக்கிலும் இழைகள் நேராக, ஒன்றுக்கொன்று இணையாகவே இருக்கின்றன. மேலுள்ள அடுக்கு கீழுள்ளதைவிடச் சற்றே திரும்பியிருக்கிறது. அதற்கு மேலுள்ளது இன்னும் சற்று. சுழற்படிக்கட்டின் படிகளைப்போல் திரும்பித் திரும்பி ஏறும் இந்த அடுக்கைச் சாய்வாக வெட்டினால், வெட்டுமுகத்தில் நேர்க்கோடுகளின் துண்டுகள் ஒன்றுகூடி வில்லாகத் தோற்றமளிக்கும். சில வண்டுகளின் ஓட்டில் உலோகப் பளபளப்பை உண்டாக்குவதும் இதே அடுக்குமுறைதான். திரவமும் அல்லாமல் படிகமும் அல்லாமல் இடைநின்ற ஒரு நிலையில், தன் பரம்பரைச் செல்வத்தை அந்த உயிர் அடுக்கி வைத்திருக்கிறது.

உயிரணு பிரியும் முறையும் வேறு. நம் உயிரணுக்களில் உட்கருவின் உறை கரைந்துபோக, குரோமோசோம்களை நுண்குழல்கள் பற்றி இரு பக்கமும் இழுக்கின்றன. இங்கே உறை கரைவதில்லை. சிதையாத உட்கருவைத் துளைத்துக்கொண்டு, மலையைக் குடைந்த சுரங்கப்பாதைகள்போல, வழிகள் உண்டாகின்றன. நுண்குழல்கள் அந்த வழிகளுக்குள் ஓடுகின்றன. குரோமோசோம்கள் உறையின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டு, உறைக்கு வெளியே உள்ள நுண்குழல்களால் இருபுறமும் நகர்த்தப்படுகின்றன.

ஹிஸ்டோன் கட்டை இல்லை, சவ்வில் ஒட்டியபடியே நகரும் குரோமோசோம். இரண்டும் பாக்டீரியாவை நினைவூட்டுவன. ஆகவே 1960-களின் நடுவில் ஜான் டாட்ஜ் என்னும் ஆங்கிலேய அறிஞர், உட்கரு இல்லாத பாக்டீரியாவுக்கும் உட்கரு உள்ள ஏனைய உயிர்களுக்கும் இடைப்பட்ட படியாகச் சுழற்கசை உயிர்களைக் கொண்டு, அந்நிலைக்கு இடைக்கரு நிலை என்னும் பொருளில் பெயரிட்டார். அன்று கையிலிருந்த சான்றுகளை வைத்துப் பார்த்தால் அது நியாயமான அபிப்பிராயமே. மிக அழகிய அபிப்பிராயமும்கூட. ஆனால் அது பிழை. மரபணுக்களை ஒப்பிட்டு வம்சாவளி வரைந்தபோது, இவற்றின் நெருங்கிய பங்காளிகள் மலேரியாக் கிருமியும் பரமீசியம் முதலிய சிறுமயிர் உயிர்களும் என்று தெரியவந்தது. வெளிச்சவ்வுக்கு அடியில் உள்ள அந்தத் தட்டைப்பை வரிசை மூன்று வகையினருக்கும் பொது. பங்காளிகள் எல்லோரிடமும் ஹிஸ்டோன் கட்டைகள் ஒழுங்காகவே இருக்கின்றன. ஆகவே சுழற்கசை உயிர் ஹிஸ்டோன் இன்றித் தொடங்கிய ஆதி உயிரன்று. வைத்திருந்து பின்னர் கைவிட்டது. கைவிட்ட இடத்தில் எதை வைத்துக்கொண்டது? 2012-இல் வெளியான ஆராய்ச்சி, இவற்றின் டி.என்.ஏ.யோடு பெருமளவில் சேர்ந்திருக்கும் ஒரு புரதத்தை இனங்கண்டது. அதற்கு உறவான புரதங்கள் பாசிகளைத் தாக்கும் பெரிய வைரஸ்களிடம் காணப்படுகின்றன. எப்போதோ ஒரு காலத்தில் வந்த நோயின் ஆயுதம் வீட்டுக்குள்ளேயே தங்கி, பெட்டகத்தின் பூட்டாகிவிட்டது. 2018-இல் அந்தப் புரதத்தை ஈஸ்ட் உயிரணுவில் உண்டாக்கிப் பார்த்தபோது, அது ஹிஸ்டோன்களை இடம்பெயர்த்து, ஈஸ்ட்டின் வளர்ச்சியையும் தளரச் செய்தது. ஆதிநிலை என்று கருதப்பட்டது, உண்மையில் நீண்ட சரித்திரத்தின் வடு.

உணவு சமைக்கும் பசுங்கணிகங்களைப் பற்றியும் அதே கதைதான். செடிகொடிகளின் பசுங்கணிகத்துக்கு இரண்டு சவ்வுகள், இங்கே மூன்று. முன்னோர் ஒருவர் ஒரு செம்பாசியையோ, செம்பாசியிலிருந்து அதைப் பெற்றிருந்த வேறொன்றையோ உள்வாங்கி, செரித்துவிடாமல் வேலைக்கு வைத்துக்கொண்டதன் அடையாளம் அந்த மூன்றாவது சவ்வு. கடல்நீரில் ஆழ இறங்கும் நீலப்பச்சை வெளிச்சத்தை இப்பசுங்கணிகம் பெரிடினின் என்னும் செந்நிறப் பொருளால் வாங்கிக்கொள்கிறது; செங்கல் நிறம் அதனால் வருவது. எல்லா இனங்களும் இப்படிச் சமைத்துண்பவை அல்ல. ஏறக்குறைய பாதி, பிறவற்றைத் தின்றே வாழ்கின்றன. டைனோஃபிஸிஸ் என்னும் இனமோ, மீஸோடினியம் என்னும் சிறுமயிர் உயிரை உறிஞ்சி, அந்த உயிர் முன்பே வேறொரு பாசியிடமிருந்து திருடி வைத்திருந்த பசுங்கணிகங்களைத் தானும் எடுத்து உபயோகிக்கிறது.

நம் கரையிலே சுழற்கசை உயிர்களில் பலரும் அறிந்தது நாக்டிலூகா. சென்னைக் கடற்கரையில் 2019 ஆகஸ்டில் அலைகளை நீலமாக ஒளிரச் செய்ததும், மன்னார் வளைகுடாவில் பூங்கோரை என்ற பெயரில் கடலைப் பச்சையாக்கி மீனவர்களைக் கலங்கவைப்பதும் அதுவே. அது கவசமற்றது; ஒரு மில்லிமீட்டர் வரை பருத்து ஊதிய பை; இரை தின்னும் பருவத்தில் அதன் உட்கருவும் மேலே கூறிய தடித்த குரோமோசோம்கள் இன்றிச் சாதாரணமாகவே தோன்றும். பசுங்கணிகமும் அதற்கில்லை, பச்சை நிறத்துக்குக் காரணம் அதன் வயிற்றுக்குள்ளே உயிரோடு நீந்தித் திரியும் ஆயிரக்கணக்கான சிறு பாசிகள். அதே வளைகுடாவின் பவளப்பூச்சிகளுக்குள்ளேயோ சுழற்கசை உயிர்களே குடியிருந்து உணவூட்டுகின்றன. ஓரிடத்தில் வீட்டுக்காரர், ஓரிடத்தில் குடித்தனக்காரர்.

கடைசியாக, சுழற்கசை உயிர் ஒன்றின் கண். 1884-இல் ரிச்சர்ட் ஹெர்ட்விக் என்னும் ஜெர்மானிய விலங்கியலாளர், விழிவில்லையும் அதன் பின்னே கருங்கிண்ணமுமாக, முதுகெலும்புப் பிராணியின் கண்ணையே ஒத்த உறுப்பைத் தாங்கிய ஓரணு உயிர் ஒன்றை விவரித்து எழுதினார். புகழ்பெற்ற விஞ்ஞானியான கார்ல் ஃபோக்ட் அதை ஏற்கவில்லை. அந்த உயிர் ஏதோ ஒரு ஜெல்லிமீனின் கண்ணை விழுங்கியிருக்க வேண்டும், ஹெர்ட்விக் கண்டது அதன் வயிற்றிலிருந்த இரையை என்று அவர் வாதித்தார். ஓரணுவுக்குக் கண் இருக்க முடியாது என்னும் நிச்சயம் அவ்வளவு உறுதியாக இருந்தது. ஹெர்ட்விக் கண்டது சரியே. கோஃபாய்டும் அவருடன் உழைத்த ஆலிவ் ஸ்வீஸி அம்மையாரும் 1921-இல் வெளியிட்ட பெருநூலில், லா ஹோயா நீரில் பிடித்த இத்தகைய உயிர்களை வண்ணப்படங்களாகவே வரைந்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கண் எதனால் ஆனது என்பது தெரியவில்லை. ஏனெனில் அரிதாகவே அகப்படும் இவ்வினத்தைப் பாத்திரத்தில் வளர்க்க ஒருவராலும் இயலவில்லை.

கனடாவின் மேற்குக் கரையிலிருந்தும் ஜப்பான் கரையிலிருந்தும் ஒவ்வோர் உயிரணுவாக நுண்குழாயால் உறிஞ்சி எடுத்து, அயனிக் கற்றையால் சீவிச் சீவி மின்னணு நுண்ணோக்கியில் படமெடுத்து, அந்தப் படங்களைக் கணிப்பொறியில் அடுக்கி முழு உருவத்தை மீட்டெடுத்த ஆராய்ச்சி 2015-இல் வெளிவந்தது. வில்லையைச் சுற்றி விழிவெண்படலம்போல் நின்ற உறை, உயிரணுவுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்டிரியாக்களே ஒரே படலமாகப் பின்னிக்கொண்டது. விழித்திரைபோல் நின்ற கருங்கிண்ணமோ ஒரு பசுங்கணிகம். செம்பாசி வழியில் வந்த அதே சொத்து, தன் மரபணுத் துணுக்கையும் உள்ளடுக்குச் சவ்வுகளையும் இன்னும் வைத்துக்கொண்டு, உணவு சமைப்பதை விட்டொழித்து, வில்லைக்குப் பின்னே ஒளியை நோக்கிக் குவிந்து நிற்கிறது.